நூற்றுத் தொண்ணூறு டிகிரி

மதியம் இரண்டு மணி இருக்கும். கரடிப்பாறை உச்சியில், நாலு தகரமும் ஒரு பெஞ்சும் கொண்ட அந்த ஷெட்டுக்குள் நான் ஒரு அட்டையில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன்.

எழுபத்திரண்டு. நூற்றுப் பதினெட்டு. கூட்டினால் நூற்றுத் தொண்ணூறு.

மறுபடி கூட்டினேன். அதே நூற்றுத் தொண்ணூறு. வெளியே வெயில் பால் போல விழுந்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்கில் ஒரு புகை, யாரோ மெதுவாக மூச்சு விடுவது மாதிரி மேலேறிக்கொண்டிருந்தது. காற்றில் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மர இலையின் வாசம். எல்லாம் அமைதியாக இருந்தது. அட்டையில் இருந்த கூட்டல் மட்டும் தப்பாக இருந்தது.

ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் சேர்த்தாலே நூற்றெண்பதுதான். எனக்கு இரண்டிலேயே நூற்றுத் தொண்ணூறு வந்துவிட்டது.

பெஞ்சின் மேல் வாக்கி டாக்கி செட் கரகரத்தது. "சரசக்கா, லைன்ல இருக்கீங்களா? அந்தப் பாக்கியம்மா மறுபடி தப்பாப் பாத்துட்டாங்க போலிருக்குங்க," என்றார் ஆபீஸ் கிளார்க் ரவி.

நான் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்த வாரம் நான் எழுத வேண்டியது.

முட்டி கொடுத்த வேலை

கொழுந்துக் காட்டில் வழுக்கி விழுந்து என் வலது முட்டி உடைந்த கதையைப் போன வாரம் சொல்லியிருந்தேன். "அப்புறம் எப்படிப் பிழைத்தீர்கள்?" என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். பிழைத்தது இப்படித்தான்.

முட்டி கூடிய பிறகும் சரிவில் நின்று கொழுந்து எடுக்க முடியவில்லை. எஸ்டேட்டில் மழையில்லாத மாதங்களுக்கு மட்டும் இரண்டு பேரைத் தீக்காவலுக்கு வைப்பார்கள். பனிக்காலத்தில் கருகிய புல் தை, மாசியில் காய்ந்து கிடக்கும். ஒரு பீடித்துண்டு போதும், மலையே போய்விடும். காலையில் ஒரு முறை மெதுவாக ஏறி, சாயங்காலம் ஒரு முறை இறங்கினால் போதும் என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

இப்போது அங்கே கேமரா வைத்துவிட்டார்கள். நான் சொல்வது அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால்.

எஸ்டேட்டின் ஒரு ஓரத்தில் கரடிப்பாறை. அங்கே நான். இன்னொரு ஓரத்தில் வெள்ளைக்கல் மேடு. அங்கே பாக்கியம் என்ற ஒரு பெண். நடுவே இரண்டு பள்ளத்தாக்குகளும் ஒரு மலைத்தோளும். நான் இருந்த இடத்திலிருந்து அவருடைய ஷெட் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். ஆளைத் தெரியாது. நான் கட்டபெட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறுவேன். அவர் மறுபக்கத்துக் கீழ் லைனில் இருக்கிற தொழிலாளர் வீடுகளிலிருந்து ஏறுவார். சீசன் முழுக்க நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

இரண்டு ஷெட்டின் முன்னாலும் ஒரு சிமெண்டுத் தூண். அதன் மேல் அரைவட்டத் தகரம், அதன் நேர்விளிம்பு எதிர் ஷெட்டைப் பார்த்தபடி. பள்ளிக்கூடப் பெட்டியில் இருக்குமே கோணமானி, அதையே ஒரு முறம் அளவுக்குப் பெரிதாக்கின மாதிரி. நடுவில் சுற்றுகிற ஒரு கம்பி, கம்பியின் இரு முனையிலும் இரண்டு ஆணிகள். புகை தெரிந்தால் இரண்டு ஆணியும் புகையும் ஒரே கோட்டில் வருகிற வரை கம்பியைத் திருப்ப வேண்டும். கம்பி நிற்கிற இடத்து எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆபீஸ் சுவரில் எஸ்டேட் வரைபடம். அதில் இரண்டு மலைக்கும் இரண்டு ஆணி, இரண்டு நூல். நாங்கள் சொல்கிற கோணத்துக்கு ரவி நூலை இழுப்பார். இரண்டு நூலும் வெட்டுகிற இடத்தில் தீ.

யாரும் அளக்காத கோணம்

பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத்தடுமாறித்தான் தேறினேன். காகிதத்தில் முக்கோணம் வெட்டி, மூன்று மூலையையும் கிழித்து, வரிசையாக ஒட்டினால் நேர்கோடு வரும் என்றார்கள். வகுப்பில் எல்லோருக்கும் வந்தது. எனக்கு வரவில்லை. கிழித்தபோது எது மூலை, எது கிழிந்த பக்கம் என்று குழம்பிவிட்டேன்.

கரடிப்பாறையில் தனியாக உட்கார்ந்திருந்த நாட்களில்தான் அது எனக்குப் புரிந்தது. பாக்கியம் ஒரு மூலை. நான் ஒரு மூலை. புகை மூன்றாவது மூலை. என் கோணம் எனக்குத் தெரியும், அவர் கோணம் அவருக்குத் தெரியும். புகை நிற்கிற மூலைக்கு யாரும் தகரத்தை எடுத்துக்கொண்டு போய் அளக்கப்போவதில்லை. ஆனாலும் அந்தக் கோணம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். எங்கள் இரண்டையும் கூட்டி நூற்றெண்பதில் கழித்தால் மிச்சம் அதுதான்.

அந்த மூலையில் ஒருவர் நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசிப்பேன். ஒரு பக்கம் என் ஷெட், இன்னொரு பக்கம் பாக்கியத்தின் ஷெட். தலையை எவ்வளவு திருப்பினால் என்னிலிருந்து அவரிடம் போகலாமோ, அதுதான் அந்தக் கோணம். போகாத இடத்திலிருந்து என்னை நானே பார்ப்பது போல இருக்கும். நாள் முழுக்க வேறு வேலை இல்லாதவளுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

ரவி நூலை இழுப்பதற்குள் நான் அட்டையில் மூன்றாவது கோணத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். யாரும் என்னைக் கேட்டதில்லை. எனக்காக நானே செய்துகொண்டேன்.

மற்றபடி, வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று படித்தேன். காலையில் தகரக் கூரைகளிலிருந்து ஏறுகிற ஆவி ஒரு வெள்ளை. பேக்டரி புகைபோக்கி ஒரு வெள்ளை. பின்னாலேயே வறுபட்ட தேயிலை வாசம் வரும். பஸ் திரும்பும்போது எழும்புகிற புழுதி. பள்ளத்தில் தூங்கிவிட்டு எழுந்திரிக்கிற மேகம். முதல் வாரத்தில் இதையெல்லாம் புகை என்று நினைத்து எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். பிறகு கண் பழகிவிட்டது.

செட்டில் வந்த குரல்

பாக்கியத்தை எனக்குக் குரலாகத்தான் தெரியும். கொஞ்சம் கரகரப்பான, இழுத்துப் பேசுகிற குரல். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அக்கா என்றேன். அவர் தங்கச்சி என்றார்.

"தங்கச்சி, ஒங்க பக்கம் மூட்டம் வந்திருச்சா? இங்க என் சட்டியில இருக்கிற சோறே தெரியல."

"இங்க வெயிலுங்க அக்கா. உங்க மேடு மட்டும் காணாமப் போயிருச்சுங்க."

"நான் இருக்கேனா இல்லியான்னு நீதான் சொல்லணும்."

சிரிப்போம். செட்டில் சிரிப்பு வந்தால் மழை பெய்கிற மாதிரி இரைச்சலாகக் கேட்கும்.

சின்னப் பிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர் பாக்கியம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எண் நன்றாகத் தெரியும். எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பார். லைன் வீட்டுக்கு லயம், காலையில் ஆள் கணக்கெடுப்பதற்குப் பெரட்டு என்று அந்தத் தோட்டத்துச் சொற்களையே பேசுவார். எஸ்டேட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அறையை நாங்கள் கிரெச் என்போம். அவருக்கு அது பிள்ளைக் காம்பராதான்.

"கப்பல்ல வரும்போது கொஞ்ச நேரம் ரெண்டு கரையும் தெரியல தங்கச்சி," என்று ஒரு நாள் சொன்னார். "எங்கம்மா அழுதுச்சு. எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு. மூட்டம் வந்தா இன்னிக்கும் அந்தக் கப்பல்ல இருக்கிற மாதிரி இருக்கு."

அதைக் கேட்ட பிறகு வெள்ளைக்கல் மேட்டை மேகம் மூடும்போதெல்லாம் அவர் தனியாகக் கடலில் போய்க்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

கறுப்பும் சிவப்பும்

இனி, எழுத இஷ்டமில்லாத பகுதி.

தகரத்தில் எண்கள் இரண்டு வரிசையாக எழுதியிருந்தன. வெளி வரிசை கறுப்பு, வலப்பக்கத்திலிருந்து தொடங்கும். உள் வரிசை சிவப்பு, இடப்பக்கத்திலிருந்து தொடங்கும். எனக்கு வெள்ளைக்கல் மேடு இடப்பக்கத்தில் இருந்தது. அதனால் நான் சிவப்பைத்தான் படிக்க வேண்டும். பாக்கியத்துக்குக் கரடிப்பாறை வலப்பக்கத்தில். அவர் கறுப்பைத்தான் படிக்க வேண்டும். மாற்றிப் படித்தால் அறுபத்தைந்து நூற்றுப் பதினைந்து ஆகிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு புகை தெரிந்தது. கம்பியைத் திருப்பினேன். பதற்றத்தில், "நூத்திப் பதினஞ்சுங்க!" என்றேன். பாக்கியம் ஐம்பது என்றார். நூல்கள் எங்கேயோ எஸ்டேட் எல்லையில், சதுப்பு நிலத்தில் போய் வெட்டின. ஒரு லாரி நிறைய ஆட்கள் அங்கே போய், முழங்கால் வரை சேற்றில் நின்று, தீயைத் தேடிவிட்டுத் திரும்பினார்கள். புகை தானாகவே அடங்கிவிட்டது. எங்கே எரிந்தது என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் ரவி செட்டில் பேசினார். திட்டக்கூட இல்லை, சலித்துக்கொண்டார். "பாக்கியம்மா, எண்ணப் பாத்துச் சொல்லுங்கம்மா. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருங்க. இருபது பேரு அலைஞ்சிருக்காங்க."

செட்டில் ஒருவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். பாக்கியத்தின் பதிலும் எனக்குக் கேட்டது.

"சரிங்கய்யா. இனி கவனமாப் பாக்குறேன்."

நான் தூணருகே போய்க் கம்பியைப் பார்த்தேன். மதியம் வைத்த இடத்திலேயே இருந்தது. கறுப்பில் நூற்றுப் பதினைந்து. சிவப்பில் அறுபத்தைந்து.

தப்பு என்னுடையது.

ரவி ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். பாக்கியத்தின் ஐம்பதைத் திருப்பினால் நூற்று முப்பது. அதோடு என் நூற்றுப் பதினைந்தைக் கூட்டினால் இருநூற்று நாற்பத்தைந்து, முக்கோணமே கிடையாது. அவர் எண்ணை மாற்றிப் படித்திருக்க வழியே இல்லை. ஆனால் யாரும் எழுதிப் பார்க்கவில்லை. ஒருத்தி பத்தாவது படித்தவள், இன்னொருத்தி மூன்றாவது. அதுவே போதுமாக இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு நடக்கிறவளுக்கு இந்த வேலையும் போனால் என்ன இருக்கிறது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன்.

அதன்பின் பாக்கியம் எந்த எண்ணையும் ஒரு முறை சொல்லி நிறுத்தமாட்டார். "எம்பத்தி நாலு... கறுப்புலதானே பாக்கணும் தங்கச்சி? கறுப்புலதானே?" என்று என்னைக் கேட்பார். "ஆமாங்கக்கா, கறுப்புத்தானுங்க," என்று நான் சொல்வேன். சொல்லிவிட்டு உடனே பித்தானை விட்டுவிடுவேன்.

இரண்டு புகை

மாசியின் கடைசியில்தான், முதலில் சொன்ன அந்த மதியம் வந்தது.

என் தகரத்தில் எழுபத்திரண்டு. இந்த முறை சிவப்புதான். மூன்று தடவை பார்த்தேன். பாக்கியம் நூற்றுப் பதினெட்டு என்றார். "எங்க லயத்துப் பக்கம் மாதிரி இருக்குங்கய்யா," என்றும் சொன்னார். "மாதிரியெல்லாம் வேண்டாம்மா, நம்பர் போதும்," என்றார் ரவி.

நூல்கள் வெட்டவில்லை. ஒன்றையொன்று விட்டு விலகிப் போயின.

ரவிக்குச் சட்டென்று வழி கிடைத்துவிட்டது. "பாக்கியம்மா, நீங்க கறுப்புக்குப் பதிலா சிவப்பப் பாத்துட்டீங்க. அறுபத்திரண்டா இருக்கும். அறுபத்திரண்டுன்னா நூலு பழைய பம்ப் ஹவுஸ்கிட்ட சேருது. லாரிய அங்க அனுப்பிட்டேன்."

எழுபத்திரண்டும் அறுபத்திரண்டும் நூற்று முப்பத்து நான்கு. மிச்சம் நாற்பத்தாறு. அழகான முக்கோணம். எதுவும் இடிக்கவில்லை.

 செட்டில் பாக்கியத்தின் குரல்.

"அப்படியாங்கய்யா... இருக்கும்ங்க. நான்தான் தப்பாப் பாத்திருப்பேன்."

அந்தக் குரலை இன்றும் என்னால் கேட்க முடிகிறது. கண்ணெதிரே புகையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தி, தன் கண்ணைவிட ரவியின் கணக்கை நம்புகிறாள். அவளை அப்படி ஆக்கியது நான்.

செட்டை எடுத்தேன். 

"அக்கா, நான் சரசு பேசறேனுங்க. தகரத்த விடுங்க. நீங்க நேரா நின்னு பள்ளத்தப் பாருங்க. என் ஷெட்டு உங்களுக்கு எந்தக் கைப்பக்கம்?"

"சோத்துக் கைப்பக்கம்."

"புகை?"

"பீச்சாங் கைப்பக்கம், தங்கச்சி. நல்லா ஒதுங்கி."

நேர் எதிரே பார்த்தால் தொண்ணூறு. என் பக்கம் வந்தால் அதற்குக் கீழே. என்னைவிட்டு விலகினால் அதற்கு மேலே. புகை விலகித்தான் இருக்கிறது. நூற்றுப் பதினெட்டு சரி. எழுபத்திரண்டும் சரி.

"ரவி சார், அவங்க பாத்தது சரிங்க. நான் பாத்ததும் சரிங்க. இது ஒரு புகை இல்லீங்க. ரெண்டு!"

"அதெப்படிங்க? அந்தம்மா அன்னைக்கும் இப்படித்தானே..."

"அன்னைக்குத் தப்பாப் பாத்தது நானுங்க!"

கத்திவிட்டேன். பாறையில் பட்டு என் குரலே எனக்குத் திரும்பி வந்தது.

"நான்தான் கறுப்ப மாத்திப் படிச்சேன். அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன். பாக்கியக்கா இதுவரைக்கும் ஒரு நம்பர் கூடத் தப்பாச் சொன்னதில்லீங்க."

  செட்டில் யாரோ பித்தானை அழுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் விடுகிற சத்தம் மட்டும் வந்தது.

அந்த நேரத்தில்தான் பார்த்தேன். எனக்கும் வெள்ளைக்கல் மேட்டுக்கும் நடுவில் இருக்கிற மலைத்தோளுக்குப் பின்னால், அதுவரை ஒன்றுமே இல்லாத வானத்தில், பழுப்பாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. பார்க்கப் பார்க்கப் பருத்தது. ஓடிப்போய்க் கம்பியைத் திருப்பினேன். முட்டி விண்ணென்று தெறித்தது.

"சார், இன்னொரு புகையும் எனக்குத் தெரியுதுங்க! நாப்பத்தி ஒண்ணு! சிவப்பு நாப்பத்தி ஒண்ணு! அக்காவோட நூத்திப் பதினெட்டுக்கு இத இழுங்க!"

நூற்று ஐம்பத்தொன்பது. மிச்சம் இருபத்தொன்று. முக்கோணம் மூடிவிட்டது.

ரவியின் குரல் மாறியிருந்தது. "கீழ் லைனுக்கு மேல இருக்கிற கற்பூரக் காடுங்க அது. அய்யோ, கிரெச்சு!"

மறு நிமிஷம் பேக்டரி சங்கு ஊதியது. வேலை நேரத்தில் அது ஊதினால் எஸ்டேட்டில் எல்லோருக்கும் பொருள் தெரியும். பச்சைக்கு நடுவே கொழுந்துப் பைகளைப் போட்டுவிட்டு ஓடுகிற தலைத்துணிகளைப் பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் சத்தமே இல்லை. கனவில் ஓடுகிறவர்களைப் போல மெதுவாகத் தெரிந்தார்கள்.

பன்னிரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பேக்டரி ஆட்கள் சரிவில் புல்லை வெட்டித் தீயை மறித்தார்கள். கற்பூரக் காட்டில் பாதி போயிற்று. கிரெச்சின் பின்பக்கக் கதவும் ஒரு கோழிக்கூடும் எரிந்தன. யாருக்கும் ஒன்றுமில்லை.

என் எழுபத்திரண்டு? யாரோ தங்கள் கேரட் தோட்டத்துச் சருகைக் குவித்து எரித்திருக்கிறார்கள். பக்கத்தில் குடத்தில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்களாம்.

பேசாத மூன்று வாரம்

வேலை போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. மேனேஜர் துரை செட்டில் என்னைக் கூப்பிட்டு, இனி எதையும் மறைக்காதே என்று மட்டும் சொன்னார்.

பாக்கியம்தான் பேசவில்லை. புகை தெரிந்தால் எண் சொல்வார். ஒரே ஒரு முறை, உறுதியாகச் சொல்வார். கறுப்பா, சிவப்பா என்று என்னைக் கேட்பதில்லை. அதன்பின் செட் அமைதியாகிவிடும். "அக்கா, அங்க மூட்டமுங்களா?" என்று கேட்பேன். பதில் இருக்காது.

மேகம் அவர் மேட்டை மூடும், திறக்கும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பங்குனியில் முதல் மழை பெய்தது. காவல் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் நான் பஸ் ஏறி, கீழ் லைனில் இறங்கி, வெள்ளைக்கல் மேட்டுக்கு ஏறினேன். தன் சாமான்களை எடுக்கக் காலையில் அவர் மேலே போயிருப்பதாக லைனில் சொன்னார்கள். முக்கால் மணி நேரத்தில் ஏறக்கூடிய பாதை எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

குரலை வைத்து உயரமான ஆளாக நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் இருந்தார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டி, ஆண்களுடைய பழைய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் நொண்டுவதைப் பார்த்தார். அதில் தெரிந்துகொண்டார்.

"நான் சரசுங்க அக்கா."

"தெரியுது. ஒக்காரு."

கல்லில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்கள் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேனுங்க," என்றேன்.

அவர் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் அந்தப் பத்திருவது நாளும் ஒழுங்காத் தூங்கல. எனக்குக் கண்ணுல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போயி எழுத்தெல்லாம் காட்டி டெஸ்ட் எடுத்துக்கிட்டேன். கண்ணு நல்லாருக்குன்னு சொன்னாங்க. அப்போ புத்திதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் என்னைத் தேற்றவில்லை. அழுது முடிக்கும் வரை கீழே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் கழுவின தேயிலை மினுங்கியது. எரிந்த காடு மட்டும் கறுப்பாக நின்றது.

பிறகு எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டார். "ஆபீசுக்குப் போவோம் வா. அந்த மனுசன் எல்லாத்தயும் ஒரு நோட்டுல எழுதுவாரு. என் பேரு அதுல இருக்கு."

நோட்டில் ஒரு வரி

இறங்குகிற வழியில் ஓரிரு இடங்களில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆபீஸில் ரவி எங்களை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் நாங்கள் வெறும் குரல்கள்தான். "சொல்லுங்கம்மா, யாரப் பாக்கணும்?" என்றார். பாக்கியம் வாயைத் திறந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

நீளமான நோட்டு. அந்த நாளின் பக்கத்தைத் தேடி எடுத்தார். 'பாக்கியம் கோணத்தைத் தவறாகப் பார்த்ததால் ஆட்கள் வீணாக அலைந்தனர். எச்சரிக்கப்பட்டார்.' நல்ல கையெழுத்து.

"அடிச்சிரட்டுங்களா?" என்று பேனாவை எடுத்தார் ரவி.

"அடிக்க வேணாம்யா," என்றார் பாக்கியம். "அது கீழ இவ கையால எழுதட்டும்."

எழுதினேன். 'அன்று தவறாகப் பார்த்தது நான். பாக்கியம் சொன்ன ஐம்பது சரி. சரஸ்வதி.' பேனா ஓர் இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது.

"படி."

படித்தேன்.

"இன்னொருக்கா."

மறுபடி படித்தேன். பாக்கியம் விரலை ஒவ்வோர் எழுத்தின் கீழும் நகர்த்திக்கொண்டே கேட்டார். தன் பெயர் வந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு நோட்டைத் திருப்பி ரவியின் பக்கம் தள்ளினார்.

"ஐயா, இப்போ நீங்களும் ஒருக்கா படிங்க."

ரவி என்னைப் பார்த்தார், பாக்கியத்தைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. நின்றபடியே படித்தார். 'பாக்கியம் சொன்ன ஐம்பது சரி' என்ற இடத்தில் குரல் தாழ்ந்தது. பாக்கியம் காதில் கை வைத்துக் குனிந்தார். ரவி அந்த வரியை இன்னும் சத்தமாக, முதலிலிருந்து படித்தார்.

வெளியே வந்தபோது தூறல். கட்டபெட்டு பஸ் வந்தது. பாக்கியம் தன் லைனுக்கு நடந்தே போயிருக்கலாம். ஆனாலும் எனக்கு முன்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

பஸ் கிளம்பி, முதல் வளைவில் திரும்பியது. பாக்கியம் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே, பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் உட்கார்ந்தேன்.